இரண்டாவது ஜாமீன்

வினாத்தாளைக் கொடுத்து முடித்த பிறகு மரகதவல்லி டீச்சருக்கு இனி மூன்று மணி நேரம் யோசிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, சமூக அறிவியல், நாலாம் நம்பர் அறை, இருபது பெண் பிள்ளைகள். செல்போனைத் தலைமையாசிரியர் அறையில் வாங்கி வைத்துவிட்டார்கள். புத்தகம் படிக்கக் கூடாது, பேப்பர் திருத்தக் கூடாது, பக்கத்து அறை டீச்சரோடு வாசலில் நின்று பேசக் கூடாது. நடக்கலாம், நிற்கலாம், நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவள் எடுத்த உருப்படியான முடிவுகள் எல்லாம் இப்படிப் பரீட்சை அறைகளில் எடுத்தவைதான். வீட்டில் யோசிக்க விட்டால்தானே. இன்று மேஜை மேல் இருந்த கைப்பைக்குள் நாலாக மடித்த ஒரு விண்ணப்பம் இருந்தது. ஆசிரியர் சிக்கனக் கடன் சங்கம், கேட்கும் தொகை பத்து லட்சம், விண்ணப்பதாரர் ரெஜினா மேரி, ஆங்கில ஆசிரியை. முதல் ஜாமீன்தாரராக டிராயிங் மாஸ்டர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இரண்டாவது ஜாமீன்தாரர் என்று அச்சடித்த இடம் காலி. காலையில் வருகைப் பதிவேட்டருகே ரெஜினா அதை நீட்டி, "பரீட்சை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன்டி, மூணு மணிக்குள்ள சங்கத்துல குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். போடுவாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே எதையாவது சொல்லியிருக்கலாம். கேட்காமல் போனதுதான் மரகதத்தைக் குடைந்தது.

போட மாட்டேன். இதில் சந்தேகமே இல்லை. கணக்கு டீச்சர் அவள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழிமுறையைத் தேடுகிற பிள்ளையின் நிலைமைதான் இப்போது அவளுக்கு. விடை, முடியாது. ரெஜினாவிடம் அதை எந்த வாயால் சொல்வது என்பதுதான் மிச்சம். மூன்றாவது வரிசை வரை நடந்து திரும்பினாள். வெளியே மார்கழி வெயில் சோம்பலாக இருந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் கொதிக்கும் வாசம் வந்தது. இந்த ஊர் வாத்தியார்களுக்கு ஜாமீன் கையெழுத்து என்பது டீ வாங்கிக் கொடுக்கிற மாதிரி. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன். இடைவேளையில் யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள், டிபன் பாக்ஸை இடது கையால் தள்ளி வைத்துவிட்டு வலது கையால் ஒரு கிறுக்கல், "எவ்வளவு சார்?" என்று கேட்பதுகூட மரியாதைக் குறைவு. தொகை எழுதுகிற கட்டம் சில சமயம் காலியாகவே இருக்கும். ஒரு மார்க் கூடுதலாகப் போட்டுவிட்டால் அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் இடுகிற ஜனங்கள், மூன்று லட்சத்துக்குப் பொறுப்பேற்கிற காகிதத்தைப் படித்துப் பார்க்க வெட்கப்படுவார்கள். மரகதமும் வெட்கப்பட்டவள்தான். பி.இ.டி. மாஸ்டர் தனுஷ்கோடி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடி வந்து, "மிஸ், ஒரு கையெழுத்து, சங்கத்துல ஆள் நிக்குது" என்றபோது, அந்த விசிலைப் பார்த்துக்கொண்டே போட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த விசில்தான் ஞாபகம் வருகிறது, கறுப்புக் கயிறு, பித்தளை.

ஒரு திங்கட்கிழமை தனுஷ்கோடி வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. மலேசியா என்றார்கள், மைத்துனர் கடை என்றார்கள், ஆள் ஊரிலேயே இல்லை என்பது மட்டும் நிச்சயமானது. சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: பாக்கித் தொகையில் அவள் பங்கு ஒரு லட்சத்து இருபத்துநாலாயிரம், மாசம் நாலாயிரம் வீதம் சம்பளத்தில் பிடிக்கப்படும். முப்பத்தொரு மாசம். புருஷன் சபாபதியிடம் சொல்லப் பயந்து, பி.எஃப். கடன் எடுத்தேன் என்று ஒரு பொய். அந்தப் பணம் எங்கே என்று கேட்பாரே என்று, அக்கா மகள் சீருக்குக் கொடுத்தேன் என்று இன்னொரு பொய். அக்கா வீட்டுக்கு வரும் நாளெல்லாம் அவளைச் சபாபதியோடு தனியாகப் பேச விடாமல் கூடவே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு மாசமும் வகுப்பில் கூட்டுவட்டி நடத்தினாள், அதுதான் வேடிக்கை. மாசம் நூற்றுக்கு மூன்று வட்டி, கட்டாமல் விட்டால் அசல் எத்தனை மாசத்தில் இரட்டிப்பாகும், சொல்லுங்க பாப்போம்? இருபத்துநாலு மாசம் மிஸ் என்று பிள்ளைகள் கத்தும். வெரி குட் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழிப்பாள். இதே வாய்ப்பாடு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்பது, எட்டு சதவீதத்தில் போட்டு வைத்த பணம் ஒன்பது வருஷத்தில் சத்தமில்லாமல் இரட்டிப்பாகும் என்பது, நாற்பத்தாறு வயதில் ஒரு பரீட்சை அறையில்தான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு நடந்துகொண்டே முடிவு செய்தாள். பிடித்தம் முடிந்த மறு மாசத்திலிருந்து அதே நாலாயிரத்தைச் சம்பளத்தில் இல்லை என்றே நினைத்துக்கொண்டாள். மூவாயிரம் மியூச்சுவல் ஃபண்டுக்கு, ஆயிரம் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.க்கு. தீபாவளிச் சீட்டை நிறுத்தினாள். வங்கியில் இருந்த வளையலை போனஸ் பணத்தில் மீட்டாள், அதற்கு அப்புறம் அடகு என்று அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆறு மாசச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் சேர்க்க நாலு வருஷம் பிடித்தது. இப்போது அதில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்தக் கணக்கை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருகிறது. கடைசியில் சபாபதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும், சீருக்கு நீ ஒண்ணும் தரலன்னு உங்கக்கா வாய் தவறிச் சொல்லிட்டா" என்றார். முப்பத்தொரு மாசம் தெரிந்தே சும்மா இருந்திருக்கிறார் மனுஷன். அதற்காக அவரை நாலு நாள் திட்டினாள்.

"மிஸ், அடிஷனல் பேப்பர்." இரண்டாவது வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். கொடுத்தாள், கையெழுத்திட்டாள். நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து, வருகையேட்டில் கையெழுத்து, விடைத்தாளில் கையெழுத்து. ஒரு நாளைக்கு நூறு இடத்தில் போடுகிறவளுக்கு நூற்றியோராவது இடத்தில் மட்டும் ஏன் இத்தனை யோசனை? சுவரோரமாக நின்றாள். சுவர் குளிர்ந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரிச் சுவரும் இப்படித்தான் குளிர்ந்திருந்தது, தஞ்சாவூரில், பதினோரு வருஷத்துக்கு முன்னால். வேண்டாம், அங்கே போக வேண்டாம் என்று மனசைத் திருப்பினாள். அது திரும்பவில்லை. சபாபதிக்கு நெஞ்சைப் பிளந்து வைத்தியம் செய்ய இரண்டரை லட்சம் வேண்டும், சாயங்காலத்துக்குள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். ரெஜினா மட்டும் சங்கத்து விண்ணப்பத்தோடு வந்தாள். அறந்தாங்கியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வியர்வையில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டு, தாளை அந்தச் சுவரில் வைத்து இரண்டாவது ஜாமீன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சுவர் சொரசொரப்பில் பேனா குத்தித் தாள் கிழிந்துவிட்டது. "செல்லுமாடி?" என்றாள். செல்லும் என்றாள் மரகதம். ஐம்பது மாசத் தவணையை ஒரு மாசம் தவறாமல் கட்டி முடித்தாள். அப்படிப் பார்த்தால் ரெஜினாவுக்கு அந்தக் கையெழுத்தால் ஒரு பைசா செலவில்லை. இந்த இடத்தில்தான் மரகதம் மறுபடி மறுபடி தடுக்கி விழுந்தாள். செலவில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு யாருக்குத் தெரியும்? சபாபதி ஆபரேஷன் மேஜையிலேயே போயிருந்தால், இவள் இடிந்துபோய் லீவு போட்டுச் சம்பளம் நின்றிருந்தால்? ரெஜினா அன்று கொடுத்தது பணம் இல்லை, அந்த 'இருந்தால்' எல்லாவற்றையும் சேர்த்துத் தலையில் வாங்கிக்கொண்டாள். அதைப் பணமாகத் திருப்பிக் கொடுக்க வழியே கிடையாது. அதற்கப்புறம் யார் நீட்டினாலும் மரகதம் கையெழுத்துப் போட்டது அதனால்தான். தனுஷ்கோடிக்குப் போட்டதும் அதனால்தான். ரெஜினாவுக்குப் பட்ட கடனை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தீர்த்து, ரெஜினா நேரில் வந்து நிற்கும்போது முடியாது என்று சொல்லப் போகிறாள். சிரிப்பு வந்தது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

பதினொன்றே முக்கால் மணி அடித்தது. பாதி முடிந்தது. சரி, மறுபடி முதலிலிருந்து. பணம் எதற்கு? ஜெரால்டுக்கு. ரெஜினாவின் ஒரே பிள்ளை, இருபத்தாறு வயது, சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டு மாடியறையில் உட்கார்ந்து போனில் ஆப்ஷன் வாங்கி விற்கிறான், பங்கு விலை ஏறுமா இறங்குமா என்ற பந்தயம். பங்குச்சந்தையை மரகதம் குறை சொல்ல மாட்டாள், அவள் பணமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது மரம் வைத்துவிட்டுக் காத்திருக்கிற வேலை. இவன் காலையில் வைத்து மத்தியானம் பறிக்கப் பார்க்கிறான். முதல் மாசம் நாற்பதாயிரம் ஜெயித்தான், அதுதான் வினையாகப் போனது. பிறகு போனிலேயே கடன் கொடுக்கிற ஆப்கள், பிறகு சிநேகிதர்கள், பிறகு அம்மாவின் சங்கிலி. மொத்தம் ஆறரை லட்சம். பத்து லட்சம் எதற்கு என்றால், ஆறரை அடைக்க, மூன்றரை "விட்டதைப் பிடிக்க". போன வாரம் பஸ்ஸில் ரெஜினா இதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். விட்டதைப் பிடிக்க. மூன்று சீட்டு வைத்து ஏமாற்றுகிறவனிடம் திருவிழாவில் தோற்றவன் இன்னொரு பத்து ரூபாயை எடுப்பானே, அதே பேச்சு. இந்த ஜெரால்டுக்குப் பத்தாவதில் நிகழ்தகவு சொல்லிக் கொடுத்தது யார்? மரகதம்தான், தன் வீட்டு மொட்டை மாடியில், சம்பளமில்லாத டியூஷன். நாணயத்தைச் சுண்டி, நாலு தடவை பூ விழுந்துவிட்டது, அஞ்சாவது தடவை தலை விழ வாய்ப்பு அதிகமா என்று கேட்டால், "இல்ல ஆன்ட்டி, அதே பாதிதான், காசுக்கு ஞாபகம் கிடையாது" என்பான். தொண்ணூற்றேழு மார்க். அவ்வளவு தெரிந்த பிள்ளை. தெரிந்தால் போதும் என்றால் கூட்டுவட்டி நடத்துகிறவள் தனுஷ்கோடிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாளா?

ரெஜினாவுக்கு ஓய்வுபெற நாற்பது மாசம் இருக்கிறது. பத்து லட்சத்தை நாற்பதால் வகுத்தால் மாசம் இருபத்தைந்தாயிரம், வட்டி தனி. வீட்டுக் கடன் ஏற்கெனவே போகிறது. இரண்டும் போகக் கையில் மிஞ்சுவது பதினெட்டாயிரம். சர்க்கரை, பிரஷர், இரண்டு வேளை ஊசி. இந்த மூன்றரை லட்சமும் போன பிறகு அவன் அடுத்து எதைக் கேட்பான்? கிராஜுவிட்டியைக் கேட்பான். அந்த மாடி வீட்டைக் கேட்பான். கேட்காமல் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாலே போதும், இவள் கொடுத்துவிடுவாள். ஆக, மறுப்பது ரெஜினாவின் நன்மைக்கு. அப்படிச் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரகதம் தன்னை ஏமாற்றிக்கொள்கிற ரகம் இல்லை; இதில் பாதி தன் நன்மைக்கும்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தை மறுபடி யாரோ ஒரு விசில்காரனுக்காக இழக்க அவளால் முடியாது. இருக்கட்டும், பாதி சுயநலம். அதனால் கணக்கு தப்பாகிவிடாது. சரி, வெறும் கையோடு முடியாது என்று சொல்வதா? நாற்காலியில் உட்கார்ந்து உதிரித் தாளின் ஓரத்தில் எழுதினாள்: ஐம்பதாயிரம். திரும்ப வராது என்று தெரிந்தே கொடுத்தால்கூடத் தூக்கம் கெடாத தொகை அதுதான். அறுபது என்று எழுதிப் பார்த்தாள், அடித்துவிட்டு ஐம்பது என்றே வைத்தாள். கடனாக அல்ல, கொடுத்ததாக. முதலில் அந்த ஆப்களை அடைக்க வேண்டும், அவைதான் குட்டி போடுகிற கடன். சிநேகிதர்களிடம் போய் மாசத் தவணை பேச வேண்டும். பையன் சம்பாதித்துக் கட்ட வேண்டும், அம்மா அல்ல. புதிதாக ஒரு ரூபாய் கடன் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டரை லட்சத்துக்குச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டவளிடம் ஐம்பதாயிரத்தை நீட்டினால் அவள் முகம் எப்படி மாறும்? அந்த முகம் கரும்பலகையில் தெரிந்தது, கடிகாரத்தில் தெரிந்தது. நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் மரகதம் வந்தால் பேச்சு நிற்கும். டிராயிங் மாஸ்டர் ஒரு பெருமூச்சு விடுவார். விடட்டும். முப்பத்தொரு மாசப் பிடித்தத்தில் இவர்களில் யார் ஒரு மாசத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள்?

நீள மணி அடித்தது. பிள்ளைகள் நூலைக் கோத்து விடைத்தாளைக் கட்டினார்கள், ஒருத்தி முடிச்சு விழாமல் அழுகிற நிலைக்குப் போனாள், மரகதம் வாங்கிக் கட்டிக் கொடுத்தாள். இருபது தாளையும் எண்ணி அடுக்கி முடித்தபோது அறை காலியாக இருந்தது. வாசலில் ரெஜினா நின்றாள்.

"போட்டுட்டியாடி?"

"இல்ல." மூன்று மணி நேரமாக ஒத்திகை பார்த்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை. விண்ணப்பத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். "போட மாட்டேன் ரெஜினா."

ரெஜினா உள்ளே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் இடித்தது. "உன் வீட்டுக்காரர் தஞ்சாவூர்ல கெடந்தப்ப எவ்வளவுன்னுகூட நான் பாக்கலடி."

"பாக்கல. கட்டையில போற வரைக்கும் அது எனக்கு மறக்காது. ஆனா இதுல போட்டா, போட்டவளும் முழுகுவா, வாங்கினவளும் முழுகுவா. அவன் இந்தப் பத்தையும் தொலைச்சுட்டு உன் கிராஜுவிட்டிக்கு வருவான். ஐம்பதாயிரம் நான் தர்றேன். திருப்பித் தர வேணாம். மொதல்ல அந்த ஆப் கடனை அடை. மத்தவங்ககிட்ட நானே வந்து தவணை பேசறேன். கையெழுத்து மட்டும் கேக்காத."

ரெஜினா கோபப்படுவாள் என்று மரகதம் காத்திருந்தாள். எழுந்து போவாள், கதவை ஓங்கிச் சாத்துவாள், இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். ரெஜினா மேஜையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து மடிப்பைப் பிரித்து, காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளா பஸ்ல உக்காந்து இதையேதான் சொல்லிப் பாக்கறேன்" என்றாள். "முடியாதுடா ஜெரால்டு, அம்மாவால முடியாதுடா. எறங்கறவரைக்கும் நல்லா வருது. வீட்டுக்குள்ள போனா வாய் தெறக்க மாட்டேங்குது. டிராயிங் மாஸ்டர் போட்டுட்டாரும்மா, இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதானேங்கறான்." மூக்கை உறிஞ்சினாள். "நீ சொன்னதை அப்படியே அவன்கிட்ட வந்து சொல்றியா? இப்பவே. என்னால சொல்ல முடியலடி."

இதை மரகதம் எதிர்பார்க்கவில்லை. மூன்று மணி நேரக் கணக்கில் ரெஜினாவின் முகம் ஒன்றைத்தான் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் நாணயம் சுண்டிய பையனின் முகத்துக்கு நேராக நின்று உன்னை நம்ப மாட்டேன் என்று சொல்வது அதில் சேரவில்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் ஏதாவது செய்துகொண்டால்? அந்த 'இருந்தால்' எல்லாம் மொத்தமாக அவள் தலைக்கு வந்து நின்றன. மேஜை மேல் இருந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினாள், பேனாவுக்கு மூடி போட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும், ஒரு வரியும் பாக்கியில்லாமல் தெரியும்.

"வர்றேன்" என்றாள். "பேப்பர் கட்டை ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துடறேன். அவன் கத்துவான், அழுவான், சாப்பிட மாட்டேன்பான். பேசறது நான் பேசறேன். நீ பக்கத்துல நிக்கணும். நடுவுல எழுந்து அடுப்படிக்குப் போயிடக் கூடாது."

ரெஜினா விண்ணப்பத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"நிக்கிறேன்" என்றாள்.